யுத்தப் பிரபுவுக்குக் கீழே ஒரு மாவட்ட அதிபதி: டு ஜியை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: வெள்ளவத்தை வாசகி

அனைவருக்கும் வணக்கம். சீனத்தின் ஹான் பேரரசு உடைந்து, படைத்தலைவர்கள் நாட்டைக் கூறுபோட்டுக்கொண்ட காலத்தைப் பற்றி எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேச இருக்கிறேன். அக்காலத்தைப் பேசுவோர் பெரும்பாலும் சாவ் சாவ், லியூ பெய், சுன் சுவான் ஆகிய மூவரின் போர்களோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் போர்களுக்கு நடுவே வரியைக் கணக்கெழுதியவர்கள், வழக்குத் தீர்த்தவர்கள், விதைத் தானியத்தை அழியாமல் காத்தவர்கள் யார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆகவே சாவ் சாவின் கீழ் ஹெடொங் மாவட்டத்தை 16 ஆண்டுகள் நிர்வகித்த டு ஜியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் நதி தெற்கே இறங்கிவந்து கிழக்கே திரும்பும் வளைவுக்குள் அடங்கிய நிலம் ஹெடொங். இன்றைய ஷான்சி மாகாணத்தின் தென்மேற்கு மூலை அது. டு ஜி 205ஆம் ஆண்டளவில் அங்கே போனார். அவருக்கான நியமனம் ஹான் பேரரசர் சியெனின் பெயரிலேயே வந்தது. எனினும் 196இலிருந்து அந்தப் பேரரசர் சூ நகரில் சாவ் சாவின் கைக்குள் இருந்தவர். முத்திரை பேரரசருடையது, கட்டளை படைத்தலைவருடையது.

என் சிக்கல் இதுதான். டு ஜியின் நிர்வாகத்தைப் படிக்கும்போது மனம் நிறைகிறது. அந்த நிர்வாகத்தின் விளைச்சல் யாருடைய படைக்குப் போனது என்று பார்க்கும்போது தயக்கம் வருகிறது. வட்டத்தில் இருப்பவர்களில் பலர் நம் நாட்டு யுத்த காலத்தில் மாவட்டச் செயலகங்களான கச்சேரிகளில் வேலை செய்தவர்கள், அல்லது அப்படி வேலை செய்தவர்களின் பிள்ளைகள். அவர்கள் முன்னிலையில் இவரை வெறுமனே நல்ல அதிகாரி என்று சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. இவரைப் படித்தவர்கள் எந்தச் சான்றுகளைக் கொண்டு எடைபோடுவீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பதில்: கொட்டாஞ்சேனைக்காரன்

வணக்கம் அக்கா. அவர் ஹெடொங்குக்குள் நுழைந்த விதத்திலிருந்து தொடங்குங்கள். பின்னால் வந்த பதினாறு ஆண்டுகளின் இயல்பு அங்கேயே தெரிந்துவிடுகிறது.

ஹான் ஆட்சியில் மாவட்ட அதிபதி தன் சொந்த மாவட்டத்தில் பதவி வகிப்பதில்லை. அவருக்குக் கீழே உள்ள அலுவலர்களோ அந்த மண்ணின் பெரிய குடும்பங்களிலிருந்தே எடுக்கப்பட்டார்கள். அமைதிக் காலத்தில் இந்த ஏற்பாடு ஒன்றையொன்று கட்டுப்படுத்தியது. மத்திய அரசு தளர்ந்ததும், வெளியூரிலிருந்து வரும் அதிபதி உள்ளூர்ப் பெருங்குடும்பங்களின் விருந்தாளியாகிவிட்டார். ஹெடொங்கில் வெய் கு, ஃபான் சியென் என்ற இருவர் அவ்வாறு பலம் பெற்றிருந்தனர். பழைய அதிபதி வாங் யீயை மாற்றக் கூடாது என்று வெளியில் கோரிக்கை வைத்துக்கொண்டே, வடக்கே கிளர்ந்தெழுந்த காவ் கானோடு அவர்கள் இரகசியத் தொடர்பில் இருந்தார்கள். காவ் கான், சாவ் சாவிடம் தோற்ற படைத்தலைவர் யுவான் ஷாவின் சகோதரி மகன். சாவ் சாவின் ஆலோசகர் சுன் யூவின் பரிந்துரையில் டு ஜி அனுப்பப்பட்டபோது, இவ்விருவரும் பல ஆயிரம் வீரர்களைக் கொண்டு ஆற்றுத்துறையை மறித்துவிட்டார்கள்.

சாவ் சாவ் தன் தளபதி சியாஹோ டுன்னைப் படையோடு அனுப்ப ஏற்பாடு செய்தார். அந்தப் படைக்காக டு ஜி காத்திருக்கவில்லை. ஹெடொங்கில் 30,000 குடும்பங்கள் இருக்கின்றன, அத்தனை பேரும் கிளர்ச்சியை விரும்புகிறவர்கள் அல்லர், படை போய் நெருக்கினால் நல்லெண்ணம் உள்ளவர்களும் அச்சத்தால் வெய் கு பக்கமே சேர்ந்துவிடுவார்கள் என்பது அவருடைய வாதம். வேறொரு துறை வழியாகத் தனியாக ஆற்றைக் கடந்து உள்ளே போனார். அவரை அச்சுறுத்துவதற்காக ஃபான் சியென், அலுவலக வாசலிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட அலுவலர்களை வெட்டிக் கொன்றார். டு ஜியின் நடத்தையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்று பதிவு சொல்கிறது. இவரைக் கொல்வதால் கெட்ட பெயரைத் தவிர வேறு பயனில்லை, எப்படியும் நம் கைக்குள் இருப்பவர்தானே என்று எண்ணி வெய் கு அவரை ஏற்றுக்கொண்டார்.

அதன்பின் நடந்ததுதான் நிர்வாகம் தெரிந்தவர்கள் உற்றுப் பார்க்க வேண்டிய பகுதி. டு ஜி இருவருக்கும் உயர் பதவிகளைக் கொடுத்தார். மாவட்டத்தின் நம்பிக்கையே நீங்கள்தான், நான் உங்களைப் பார்த்து நடப்பவன் என்றார். வெய் கு பெருமளவில் ஆட்களைத் திரட்ட முனைந்தபோது, கட்டாய ஆட்சேர்ப்பு மக்களைக் கலக்கிவிடும், பணம் கொடுத்து மெதுவாகச் சேர்ப்போம் என்று யோசனை சொன்னார். பணம் வந்ததும் இடையில் இருந்த அதிகாரிகள் பட்டியலில் நிறையப் பெயர்களை எழுதி, ஆட்களைக் குறைவாக அனுப்பினார்கள். சேர்ந்த வீரர்களையும் முறைவைத்து வீட்டுக்கு விடுங்கள், தேவைப்படும்போது அழைப்பது கடினமல்ல என்று அடுத்த யோசனை சொன்னார். மக்களின் மனத்தை முறிக்க அஞ்சிய வெய் கு அதற்கும் இணங்கினார். இப்படி, ஒரு வாளும் உருவப்படாமல், கிளர்ச்சிப் படை காகிதத்தில் மட்டும் பெரிதாக இருந்தது. காவ் கானின் ஆட்கள் நெருங்கிவந்தபோது டு ஜி சில பத்துக் குதிரை வீரர்களோடு வெளியேறி ஒரு கோட்டைக்குள் புகுந்துகொண்டார். ஊர்கள் கதவை அடைத்து அவருக்குத் துணைநின்றன. சில வாரங்களில் 4,000க்கும் மேற்பட்டோர் அவரிடம் சேர்ந்துவிட்டார்கள். சாவ் சாவின் படை வந்ததும் வெய் கு, ஃபான் சியென் ஆகிய இருவரும் கொல்லப்பட்டார்கள். அவர்களோடு சேர்ந்திருந்த மற்றையோர் மன்னிக்கப்பட்டுப் பழைய தொழிலுக்கே திரும்பினார்கள்.

கட்டாய ஆட்சேர்ப்பு என்றால் ஒரு வீட்டுக்கு என்ன நேரும் என்பதை நம்மவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 30,000 குடும்பங்களிலிருந்து ஆட்களை இழுத்துச் செல்வதை அவர் தந்திரத்தால் தடுத்தார் என்பது ஒன்றே, என் கணக்கில், அவர் பக்கம் வைக்கப்போதுமான எடை.

பதில்: ஓய்வுபெற்ற கச்சேரி எழுதுவினைஞர், தெகிவளை

அன்புள்ள சகோதரிக்கும் தம்பிக்கும் வணக்கம். தம்பி சொன்னது துணிச்சலின் கதை. அலுவலகத்தில் உட்கார்ந்து பட்டியல் எழுதியவன் என்ற முறையில் எனக்கு இன்னொரு நிகழ்ச்சியே பெரிதாகத் தெரிகிறது.

ஒரு கட்டத்தில் மேலிருந்து எல்லா மாவட்டங்களுக்கும் ஓர் உத்தரவு வந்தது: விதவைகளைப் பதிவு செய்து அனுப்புங்கள். படையினருக்கு மணமுடித்து வைக்கும் நோக்கம் என்றே இது பொதுவாக விளங்கிக்கொள்ளப்படுகிறது. பல ஆண்டு யுத்தத்தில் கணவனை இழந்த பெண்களில் எத்தனையோ பேர் அதற்குள் மறுமணம் செய்து, புதிய வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மற்ற மாவட்டங்களில் உத்தரவின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்களையும் விதவைகள் என்று எழுதி இழுத்துச் சென்றார்கள். தெருவெல்லாம் அழுகை என்று பதிவு கூறுகிறது. டு ஜி மட்டும், உண்மையிலேயே துணையின்றி இருந்தவர்களையே பதிவு செய்தார். அதனால் ஹெடொங்கின் பட்டியல் சிறியதாக இருந்தது. அவருக்குப் பின் வந்த ஜாவ் யென் பெரிய தொகையில் அனுப்பினார். அதற்குள் பேரரசராகிவிட்ட சாவ் சாவின் மகன் சாவ் பீ, முன்பு நீர் அனுப்பியது ஏன் அவ்வளவு குறைவு, இப்போது வருவது ஏன் இவ்வளவு அதிகம் என்று டு ஜியிடம் நேரே கேட்டார். நான் எழுதியவர்கள் இறந்தவர்களின் மனைவியர், ஜாவ் யென் அனுப்புவது உயிரோடு இருப்பவர்களின் மனைவியரை என்பது டு ஜியின் பதில். பேரரசரும் அருகில் நின்றவர்களும் முகம் வெளிறிப்போனார்கள்.

இதை நான் பலமுறை திரும்பிப் படித்தேன். உத்தரவை அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அன்றே வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பெரிய பட்டியலை எழுதியிருப்பார். நிரப்ப வேண்டிய படிவத்தில் யாருடைய பெயர் வரும் என்பது அவருடைய பேனாவில் இருந்தது, அந்த ஓர் இடத்தை அவர் மக்களுக்காகப் பயன்படுத்தினார். யுத்த காலத்தில் மாவட்ட நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும். வடக்கில் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது, வீதியில் அதிகாரம் வேறொருவரிடம் இருந்தது. இடம்பெயர்ந்தோர் பட்டியல், உலர் உணவு அட்டை, குடும்ப விபரப் படிவம் ஆகியவற்றை எழுதிய சிறிய அலுவலர்களின் கையில்தான் பல குடும்பங்களின் அன்றைய சாப்பாடு இருந்தது.

பெண்ணை விதவை என்று எழுதுவதா, மனைவி என்று எழுதுவதா என்ற கேள்வியும் நமக்குத் தூரமானதல்ல. காணாமற்போனவர்களின் மனைவியர், கணவன் இறந்ததாக மரணச் சான்றிதழ் பெற்றால்தான் உதவி என்ற நிலையில் பல ஆண்டுகள் நின்றார்கள். காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற ஏற்பாடு 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தோடுதான் வந்தது. படிவத்தில் ஒரு சரியான கட்டம் இல்லாததால் ஒரு பெண்ணின் வாழ்க்கை என்னவாகும் என்பதை அறிந்தவர்கள், டு ஜியின் அந்தச் சிறிய பட்டியலைச் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டார்கள். சகோதரி, உங்கள் பேச்சில் இதற்கு நிறைய நேரம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: சுவடிப் பிரியன், பொரளை

மேலே எழுதியவர்கள் மீது மதிப்பு உண்டு. ஆயினும் இரண்டு விடயங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலாவது, தானியம். 211இல் மேற்கே மா சாவும் ஹான் சுயியும் சாவ் சாவுக்கு எதிராக எழுந்தபோது, வெய் ஆற்றங்கரையில் நின்ற சாவ் சாவின் படை முழுக்க முழுக்க ஹெடொங்கின் தானியத்தையே உண்டது. போர் முடிந்தபின்னும் களஞ்சியத்தில் 2 இலட்சம் ஹூவுக்கும் மேல் மீந்திருந்தது. ஒரு ஹூ ஏறத்தாழ 20 லீற்றர். அப்படியென்றால் மீதி மட்டும் 40 இலட்சம் லீற்றர். இதற்காகவே டு ஜியின் சம்பளத் தரம் உயர்த்தப்பட்டது. பசுவும் பெண்குதிரையும் வளர்க்க வேண்டும், கோழிக்கும் பன்றிக்கும் கூட ஒழுங்கு வேண்டும் என்று அவர் குடியானவர்களுக்கு வகுத்த விதிகள் மக்களை வளப்படுத்தின என்பது உண்மை. குளிர்காலத்தில் அவர்களுக்குப் போர்ப்பயிற்சி கொடுத்தார் என்பதும் அதே பதிவில் உள்ள உண்மை. சாவ் சாவின் ஹான்சொங் போருக்குச் சுமை தூக்க 5,000 பேரை அனுப்பியபோது, மனிதனுக்கு ஒரு சாவுதான், நம் அதிபதிக்கு இழுக்குத் தேடக் கூடாது என்று தமக்குள் சொல்லிக்கொண்டு ஒருவர்கூடத் தப்பி ஓடவில்லையாம். இதை அவருடைய புகழாக எழுதியிருக்கிறார்கள். என் கண்ணுக்கு இது வேறாகத் தெரிகிறது. கொடிய அதிபதியின் கீழிருந்து அந்த 5,000 பேர் போயிருந்தால் பாதிப்பேர் வழியிலேயே ஓடித் தப்பியிருப்பார்கள். நல்ல அதிபதியின் மீது வைத்த அன்பு அவர்களை யுத்தத்தோடு கட்டிப்போட்டது. ஒரு யுத்தப் பிரபுவுக்கு இதைவிடப் பெரிய சேவை என்ன இருக்க முடியும்?

விதவைகள் பட்டியலைப் பற்றியும் ஒரு சொல். சிறிய பட்டியலாயினும் அது பட்டியல்தான். அதில் எழுதப்பட்ட பெண்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இரண்டாவது, சான்று. டு ஜியின் வரலாற்றை எழுதிய சென் ஷோ, சாவ் குடும்பத்துக்குப் பின் ஆண்ட சின் வம்ச ஆட்சியில் இருந்தவர். டு ஜியின் பேரன் டு யூ அதே ஆட்சியின் பெரிய தளபதி; 280இல் தென்னாட்டு வூ அரசை வீழ்த்திய போரின் தலைவர்களில் ஒருவர். அந்த டு யூ, சென் ஷோவைப் பதவிக்குப் பரிந்துரைத்தவரும் ஆவார். தனக்காகப் பரிந்து பேசியவரின் பாட்டனாரைப் பற்றி ஒருவர் எழுதும்போது எதை விட்டிருப்பார் என்று நாம் கேட்க வேண்டும். பின்னர் 429இல் பெய் சொங்ஜி விரிவான உரைக்குறிப்புகள் சேர்த்தார். அவற்றில் டு ஜியைப் பற்றிய சில செய்திகள் டு குடும்பத்தின் சொந்த நூலிலிருந்து வந்தவை. சாவ் சாவுக்கு நெருக்கமான தளபதி லியூ சுன் ஹெடொங்கின் பெரிய இலந்தைப் பழங்களைக் கேட்டு எழுதியபோது டு ஜி சாக்குச் சொல்லி மறுத்தார், லியூ சுன் பிற்காலத்தில் தண்டிக்கப்பட்டபோது அந்தக் கடிதம் சாவ் சாவின் கைக்குக் கிடைத்து அவர் டு ஜியைப் பாராட்டினார் என்ற அழகான கதை அவ்வகையைச் சேர்ந்தது. விதவைகள் பற்றிய செய்தி குடும்ப நூலிலிருந்து வரவில்லை, வேறொரு வரலாற்றாசிரியரின் நூலிலிருந்து வருகிறது என்பதால் அதற்கு நான் கூடிய மதிப்புத் தருகிறேன்.

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில் ஆங்கிலேயர் கால அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளைப் புரட்டியவர்களுக்கு இந்த எச்சரிக்கை புதிதல்ல. அவை மதிப்புமிக்க சான்றுகள், ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் எழுதியவர் அதிகாரியே. அந்த 5,000 சுமைகாரர்களில் ஒருவருடைய சொல்லும் நேரடியாக நம்மிடம் வந்து சேரவில்லை.

வெள்ளவத்தை வாசகி

மூவருக்கும் நன்றி. பொரளை ஐயா எழுப்பிய கேள்வியை ஒட்டி ஒன்று கேட்கிறேன். இப்படிப்பட்ட அதிகாரிகளின் வேலையில், படைத்தலைவர் போன பிறகும் மக்களிடம் மீந்தது ஏதேனும் உண்டா? டு ஜி தொடங்கிய பள்ளியைப் பற்றிப் படித்தேன். தானே நூலைக் கையில் எடுத்துப் பாடம் சொன்னார் என்றும், ஹெடொங்கில் பிற்காலத்தில் கற்றவர்கள் மிகுந்ததற்கு அவரே காரணம் என்றும் எழுதப்பட்டுள்ளது. வேறு எடுத்துக்காட்டுகள் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: கட்டுக்கரை, கொழும்பு 6

அக்கா, வணக்கம். நான் மன்னார்ப் பக்கத்தவன், குளத்து நீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவன். ஆகவே என் கண் நேரே லியூ ஃபூவிடம் போகிறது.

200ஆம் ஆண்டளவில் சாவ் சாவ் வடக்கே யுவான் ஷாவோடு மோதிக்கொண்டிருந்தார். தெற்கு எல்லையைக் கவனிக்க அவருக்குப் படையும் இல்லை, நேரமும் இல்லை. யாங் மாகாணத்தின் ஆளுநராக நியமிக்கப்பட்ட லியூ ஃபூ ஒற்றைக் குதிரையில் ஹஃபெய்க்குப் போனார். அது ஆளற்ற நகரம். அங்கே அலுவலகம் அமைத்து, சுற்றியிருந்த கொள்ளைக் கூட்டத் தலைவர்களைச் சமாதானப்படுத்தினார். யுத்தத்தால் ஆறு கடந்தும் மலை தாண்டியும் சிதறிப்போயிருந்த மக்கள் பல ஆயிரக்கணக்கில் திரும்பிவந்தார்கள். பள்ளிகளை நிறுவினார், படைநிலங்களில் பயிர்செய்வித்தார், ஷாவ்பெய் குளத்தையும் வேறு பல அணைகளையும் சீர்செய்து நெல்வயல்களுக்கு நீர் பாய்ச்சினார்.

ஷாவ்பெய் அவர் கட்டிய குளமல்ல. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னே, பண்டைய சூ நாட்டின் (மேலே வந்த சூ நகரமல்ல) அமைச்சர் சுன்ஷூ ஆவ் அமைத்ததாக மரபு சொல்கிறது. கைவிடப்பட்டிருந்ததை லியூ ஃபூ மீட்டார். இன்றைய அன்ஹுய் மாகாணத்தின் ஷோ மாவட்டத்தில், வேறு பெயரில், சுருங்கிய பரப்பில், அந்த நீர்த்தேக்கம் இன்றும் வயல்களுக்கு நீர் தருகிறது. நம் கட்டுக்கரைக் குளமும் பாழ்பட்டுக் கிடந்து மீட்கப்பட்டதுதான். குளத்தை முதலில் வெட்டியவரைவிட, யுத்தத்துக்குப் பின் துருசைத் திருத்தி, வாய்க்காலைத் தூர்வாரி, இன்னார் வயலுக்கு இத்தனை நாள் தண்ணீர் என்று ஒழுங்கு செய்தவரே திரும்பிவந்த குடும்பங்களுக்கு முக்கியமானவர்.

பொரளை ஐயாவின் வாதத்துக்கும் இங்கே இடமுண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. லியூ ஃபூ அதே ஆண்டுகளில் மதிலை உயர்த்தினார், கட்டைகளும் கற்களும் குவித்தார், புல்பாய்களை எண்ணற்ற அளவில் முடையச் செய்தார், பல ஆயிரம் ஹூ மீன் எண்ணெயைச் சேமித்தார். 208இல் அவர் இறந்தார். அவர் இறந்த உடனேயே சுன் சுவான் பெரும்படையோடு வந்து ஹஃபெய்யை நூறு நாட்களுக்கு மேல் முற்றுகையிட்டார். விடாத மழையில் மதில் கரைந்து சரியப் பார்த்தது. உள்ளே இருந்தவர்கள் அந்தப் புல்பாய்களைக் கொண்டு மதிலை மூடினார்கள். இரவில் எண்ணெயை எரித்து வெளியே எதிரியின் நடமாட்டத்தைக் கண்டு தடுப்புச் செய்தார்கள். நகரம் விழவில்லை. அந்தப் பாய்கள் சாவ் சாவின் எல்லையைக் காத்தனவா, திரும்பிவந்து குடியேறிய குடும்பங்களைக் காத்தனவா? இரண்டையும் ஒருசேரக் காத்தன. பிரித்துக் காட்டும்படி கேட்டால், மதிலுக்குள் இருந்தவர்களுக்கே அது முடிந்திருக்காது. மீண்டும் ஊர் நிரம்புவதற்கு யாரோ ஒருவருடைய மதில் தேவைப்பட்ட காலம் அது.

பதில்: சுவடிப் பிரியன், பொரளை

தம்பி கட்டுக்கரை எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். லியூ ஃபூவின் வேலை அவர் இறந்தபின் சோதிக்கப்பட்டது, அந்தச் சோதனையை எதிரியே நடத்தினான். ஆகவே அதில் குடும்பப் புகழ்ச்சிக்கு இடம் குறைவு. டு ஜியின் முடிவையும் வாசகி தன் பேச்சில் சேர்க்க வேண்டும். சாவ் பீ ஆட்சிக்கு வந்தபின் டு ஜி தலைநகரில் உயர் பதவிக்குப் போனார். பேரரசருக்காக மாடி வைத்த பெரிய கப்பல் ஒன்றைக் கட்டுவிக்கும் பணி அவருக்குத் தரப்பட்டது. அதை வெள்ளோட்டம் விடும்போது தானே ஏறிப் போனார். புயல் அடித்துக் கப்பல் கவிழ்ந்து நீரில் மூழ்கி இறந்தார். ஹெடொங்கில் உத்தரவுக்கும் மக்களுக்கும் நடுவில் நின்று உத்தரவின் அளவைக் குறைக்க அவருக்கு இடம் இருந்தது. தலைநகரில் அப்படி ஓர் இடம் இருக்கவில்லை.

வெள்ளவத்தை வாசகி

மிக்க நன்றி. ஆற்றைக் கடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, ஆட்சேர்ப்பைத் தாமதப்படுத்தியது, விதவைகள் பட்டியல், 211இன் தானியம், ஹான்சொங்குக்குப் போன 5,000 பேர் ஆகிய நான்கையும் விரிவாக எடுத்துக்கொள்கிறேன். இலந்தைப் பழக் கதை குடும்ப நூலிலிருந்து வருவதால் அதை விட்டுவிடுகிறேன். சுமைகாரர்கள் பற்றிய பகுதியைப் படித்துக் காட்டியதும் என் விளக்கத்தைச் சொல்லாமல், வட்டத்தில் இருக்கும் கச்சேரிக்காரர்களிடமே முதலில் கேட்கலாம் என்றிருக்கிறேன். தெகிவளை ஐயாவுக்கு நேரம் இருந்தால் அன்று வந்து கலந்துகொள்ள வேண்டும். இடத்தையும் நேரத்தையும் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.